எங்கள் இத்தாலிய வீட்டுக்காரியிடம் எடுத்துக்கொண்டதும் விட்டதும்

ரொறன்ரோவில் எங்களுக்கு முதலில் வீடு வாடகைக்குத் தந்தது ஓர் இத்தாலியக் குடும்பம். செயின்ட் கிளேயர் தெருவின் மேற்குப் பக்கம், டஃபரின் சந்திக்குக் கிட்ட. அந்தப் பகுதிக்கு இப்போதும் கோர்ஸோ இத்தாலியா என்றுதான் பெயர். 1980களின் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்த எங்கள் ஆட்கள் பலர் பேஸ்மென்டுகளில் குடியிருக்க, எங்களுக்குக் கிடைத்தது மேல்மாடி. வீட்டுக்காரரின் பெருந்தன்மை என்று நினைத்துவிட வேண்டாம். பேஸ்மென்ட் அவர்களுக்குத் தேவைப்பட்டது. அவர்களுடைய உண்மையான குசினி அங்கேதான் இருந்தது. நிலத்தளத்தில் இன்னொரு குசினி பளபளவென்று இருக்கும். அதில் கோப்பியைத் தவிர வேறு எதுவும் கொதித்ததை நான் காணவில்லை. வரவேற்பறைச் சோபாக்களுக்குப் பிளாஸ்டிக் உறை. பாதிரியார் வந்தால் மட்டும் அதில் இருப்பார்.

வீட்டுக்காரியைப் பேரப்பிள்ளைகள் கூப்பிட்டமாதிரி நாங்களும் நோன்னா என்றே கூப்பிட்டோம். இத்தாலியனில் அது அம்மம்மா, அப்பம்மா இரண்டுக்கும் சொல். அப்போது அவருக்கு அறுபது வயதுக்குக் கிட்ட. இத்தாலியின் தெற்கே, கலாபிரியாவின் கொசென்சாப் பக்கத்து மலைக்கிராமத்துக்காரி. ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒரே அளவு மோசமாக இருந்ததால் நன்றாகக் கதைத்தோம்.

எங்கள் வயதுக்காரர் கூடும் இடமெல்லாம் இப்போது ஒரே கதைதான். பிள்ளைகள் வருவதில்லை, கோயில் என்றால் ஓடுகிறார்கள், போன் எடுத்தால் நேரமில்லை. இந்த நாட்டுத் தண்ணி அப்படி என்று முடித்துவிடுவோம். நோன்னாவின் நான்கு பிள்ளைகளும் இதே தண்ணியைத்தான் குடித்தார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் நான்கு குடும்பமும் அந்தப் பேஸ்மென்டில் நிற்கும். எங்களைவிட அவர்களுக்குப் பாசம் கூட என்று நான் நினைக்கவில்லை. சமையல் வாசம் வந்த அதே படிக்கட்டால் அவர்களின் சண்டையும் எங்களுக்கு ஏறி வந்தது. ஆனால் பிள்ளைகளைப் பார்த்து "வந்து என்னைப் பார்" என்று அவர் கேட்டதில்லை. வேலைக்குக் கூப்பிட்டார். வருடம் முழுவதும் ஒவ்வொருவருக்கும் தேதி போட்டு ஒரு வேலை வைத்திருந்தார். பக்தியையும் அப்படித்தான் நடத்தினார். நான் அவரிடம் எடுத்துக்கொண்டது முக்கியமாக இதைத்தான்.

அவருக்கு 1955இல் கலியாணம் நடந்தபோது மாப்பிள்ளை ஊரில் இல்லை. அவர் அதற்கு முதலே ரொறன்ரோ வந்து கான் வெட்டிக்கொண்டிருந்தார். பீடத்துக்கு முன்னால் மாப்பிள்ளையின் இடத்தில் நின்றது மாப்பிள்ளையின் தம்பி. பதிலாள் வைத்துச் செய்யும் கலியாணத்தைத் திருச்சபையும் இத்தாலியச் சட்டமும் ஏற்றன. கடல் கடந்து போன ஆண்கள் ஊரில் பெண் எடுக்க அது ஒரு வழியாக இருந்தது. போட்டோவைப் பார்த்துவிட்டு விமானம் ஏறிய எங்கள் பெட்டைகளுக்கு இது நன்றாக விளங்கும். அவர் இதைச் சொன்ன அன்று என் கலியாணக் கதையையும் சொல்ல வேண்டி வந்தது. அதற்குப் பிறகுதான் நாங்கள் வாடகைக்காரரும் வீட்டுக்காரரும் என்ற கணக்கைத் தாண்டினோம்.

நேப்பிள்ஸில் 'சத்துர்னியா' கப்பலில் ஏறி, ஹலிபாக்ஸில் 21ஆம் இறங்குதுறையில் இறங்கினார். 1928 முதல் 1971 வரை கப்பலில் வந்த குடியேறிகள் கனடாவுக்குள் நுழைந்த பெரிய வாசல் அது. இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. தாய் பெட்டிக்குள் ஒளித்து வைத்துவிட்ட பன்றி இறைச்சிச் சொசேஜைச் சுங்க அதிகாரிகள் எடுத்து வீசிவிட்டார்கள். அந்தத் துறையில் இறங்கிய இத்தாலியர் பலரிடம் இதே கதை உண்டு. கடல்நோய், பனி, முகம் சரியாகத் தெரியாத புருஷன் எல்லாவற்றையும் நோன்னா சிரித்துக்கொண்டு சொல்வார். சொசேஜுக்கு வரும்போது மட்டும் கை ஓங்கும்.

புருஷனுக்கு நிலத்துக்கு அடியில்தான் உழைப்பு: குழாய், கான், சுரங்கம். நோன்னா ஸ்பெடைனா தெருப் பக்கம் தையல் தொழிற்சாலையில். இருவரும் இன்னொரு உறவுக் குடும்பமும் சேர்ந்து முதல் வீட்டை வாங்கி, அறைகளை ஊரிலிருந்து வந்த இளந்தாரிகளுக்கு வாடகைக்கு விட்டு மோட்கேஜ் கட்டினார்கள். எங்களுக்குத் தெரியாத வித்தை எதுவும் இதில் இல்லை. சீட்டுப் பிடித்து வீடு வாங்கிய ஆட்கள் நாங்கள்.

1960 மார்ச் 17ஆம் தேதி, ரொறன்ரோவின் ஹொக்ஸ் ஹொலோ பகுதியில் டொன் ஆற்றுக்கு அடியால் தண்ணீர்க்குழாய் போட வெட்டிய சுரங்கத்தில் தீப்பிடித்தது. ஐந்து இத்தாலியத் தொழிலாளர் உள்ளே மாட்டிச் செத்தார்கள். அதில் இருவர் அண்ணன் தம்பி. பாதுகாப்பு ஏற்பாடு எவ்வளவு மோசமாக இருந்தது என்பது பிறகு வெளியில் வந்தது. அந்த வருடமும் அடுத்த வருடமும் இத்தாலியக் கட்டடத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒன்ராறியோவில் தொழிற் பாதுகாப்புச் சட்டங்கள் திருத்தப்பட்டதற்கு அந்தச் சாவுகள் ஒரு பெரிய காரணம். யோர்க் மில்ஸ் சப்வே நிலையத்தில் அந்த ஐவருக்கும் ஒட்டுத்துணிப் போர்வை வடிவில் நினைவுச்சின்னம் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் நின்று பாருங்கள்.

நோன்னாவின் புருஷன் அன்றைக்கு வேறொரு கிடங்குக்குள் நின்றார். அதனால் வீட்டுக்கு வந்தார். இரண்டு நாள் கழித்து மார்ச் 19, சூசையப்பர் திருநாள். தச்சருக்கும் தொழிலாளிக்கும் தகப்பனுக்கும் அவர்தான் பாதுகாவலர். கலாபிரியாவில் அன்று கொண்டைக்கடலையும் அகலப் பாஸ்தாவும் சேர்த்துச் சமைத்துக் கொடுப்பது வழக்கம். அந்த வருடம் நோன்னா பெரிய பானை வைத்து, தெருவில் நிலத்துக்கடியில் வேலை செய்யும் ஆண்கள் இருந்த வீடுகளுக்கெல்லாம் தூக்கிக்கொண்டு போனார். பிறகு அதை நிறுத்தவே இல்லை.

எங்கள் மேல்மாடிக்கும் அந்தக் கடலை வந்தது. என் புருஷன் அப்போது ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். தொழிலாளி என்ற கணக்கில் முதல் கிண்ணம் அவருக்கு. நான் அதில் செத்தல் மிளகாயும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினேன். கலாபிரியாக்காரர் மிளகாய்க்குப் பயந்தவர்கள் இல்லை. நோன்னா ருசி பார்த்துவிட்டு, சூசையப்பர் கோபிக்கமாட்டார் என்றார்.

அவருடைய பக்தியில் பேச்சு குறைவு. நாங்கள் சைவக்காரர் என்று தெரிந்தும் மதம் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீடு பார்க்கப் போன அன்று என் கைப்பையில் அம்மா வைத்துவிட்ட அந்தோனியார் படம் இருந்தது. கொழும்புக் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமைகளில் எல்லாச் சமயத்தவரும் போவார்கள். அம்மா என் விசாவுக்கு அங்கே நேர்ந்திருந்தார். வேலைக் கடிதம் தேடிப் பையைக் கிளறியபோது படம் வெளியே வந்தது. நோன்னா அதற்குப் பிறகு கடிதத்தைக் கேட்கவில்லை. பதுவா அந்தோனியார் அவருக்குத் தன் நாட்டுக்காரர். அவர் பிறந்தது போர்த்துக்கலில், லிஸ்பனில் என்று பின்னாளில் நான் வாசித்துவிட்டுச் சொன்னபோது, அவர் ஏற்றுக்கொள்ளவில்லை.

வந்த புதிதில் இத்தாலியருக்குத் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில்தான் பூசை நடந்ததாம். மேலே ஐரிஷ்காரர். அதைவிட அவரைப் பாதித்தது 1960களின் நடுவில் வந்த மாற்றம். அதுவரை உலகம் முழுவதும் பூசை லத்தீனில் நடந்தது. கிராமத்தில் கேட்டதையே ரொறன்ரோவிலும் கேட்டார். கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு அந்தந்த ஊர் மொழிக்கு மாறியபோது, கிட்ட இருந்த தேவாலயம் ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. கனடாவுக்கு வந்து பத்து வருடம் கழித்து அன்றைக்குத்தான் அந்நிய நாட்டில் நிற்பதாக உணர்ந்தேன் என்றார். பிறகு இத்தாலியப் பூசை நடக்கும் தேவாலயத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போனார். புலம்பவில்லை, கடிதம் எழுதவில்லை. பஸ் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டார்.

பெரிய வெள்ளிக்கு லிட்டில் இத்தாலியில் ஊர்வலம். புனித பிரான்சிஸ் தேவாலயத்திலிருந்து இறந்த இயேசுவின் சுரூபமும் வியாகுல மாதாவின் சுரூபமும் கொலேஜ் தெருவுக்கு வரும். பின்னால் வாத்தியக்காரர் சாவு இசை வாசித்துக்கொண்டு வருவார்கள். நல்லூர்த் தேரில் வளர்ந்த எனக்குக் கூட்டம் புதிதில்லை. அங்கேயும் நான் கவனித்தது வேலையைத்தான். மகன்மாரில் ஒருவருக்குச் சுரூபம் சுமக்கும் முறை, பேரனுக்கு மெழுகுதிரி. கோயிலுக்கு வா என்று பிள்ளைக்குச் சொல்வதும், இன்றைக்கு இந்தப் பக்கத் தோள் உன்னுடையது என்று சொல்வதும் ஒன்றல்ல.

தக்காளி நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். ஓகஸ்ட் கடைசியில் அல்லது செப்டெம்பர் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை. ரோமா தக்காளி புசல் கணக்கில் வரும். ஒரு புசல் ஏறக்குறைய 24 கிலோ. வந்த உடனே தொடக்கூடாது. கராஜ் தரையில் பழைய படுக்கை விரிப்புகளில் பரப்பி, கடைசிப் பழமும் நன்றாகச் சிவக்கும்வரை விடுவார். மூத்த மகனுக்குக் கொள்முதல், மற்றவருக்குக் காஸ் அடுப்பும் டிரம்மும். மருமக்கள் கழுவி வெட்டுவார்கள். மூத்த மகள் அரைக்கும் இயந்திரத்தில்: தோலும் விதையும் ஒரு வாயால், சாறு மறுவாயால். வளர்ந்த பேரப்பிள்ளைகள் மூடி திருகுவார்கள். சின்னதுகளுக்கு ஒவ்வொரு போத்தலுக்குள்ளும் ஒரு பேசில் இலை போடும் வேலை. போத்தல்களைத் துணி சுற்றி டிரம்மில் அடுக்கி அவிப்பது கிழவரின் பொறுப்பு. விடிய ஐந்து மணிக்குத் தொடங்கி, மத்தியானம் அதே சாற்றில் பாஸ்தா.

இலை போடும் குழந்தை அசந்தால் வரிசை முழுவதும் நிற்கும். அதுதான் சூட்சுமம். பிள்ளையைக் குஷிப்படுத்தக் கொடுத்த பொய்வேலை இல்லை அது. ஒருவர் வராவிட்டால் அவருடைய இடம் எல்லோருக்கும் தெரியும்படி காலியாகக் கிடக்கும். ஆனால் பின்னேரம் போத்தல் பிரிக்கும்போது வராதவருக்கும் அதே அளவு பெட்டி. இதில் நோன்னா கண்டிப்பு. ஒருமுறை இளைய மகன் ஏதோ கோபத்தில் வரவில்லை. அண்ணன் அவனுக்குக் கொடுக்கக்கூடாது என்று நின்றான். "கொடுக்காவிட்டால் அடுத்த வருடமும் வரமாட்டான்" என்று சொல்லி நோன்னா தானே கொண்டுபோய்க் கொடுத்தார்.

செய்து பார்க்க விரும்புபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தக்காளியின் புளிப்பு பழத்துக்குப் பழம் மாறும். புளிப்புக் குறைந்தால் மூடிய போத்தலுக்குள் ஆபத்தான கிருமி வளரலாம். அதனால் ஒரு லீற்றர்ப் போத்தலுக்கு இரண்டு மேசைக்கரண்டி கடைப் போத்தல் எலுமிச்சைச் சாறு விடச் சொல்கிறார்கள். நோன்னா ஒருநாளும் விட்டதில்லை. அவருடைய பேத்தி விடுகிறாள். பேத்தி செய்வதுதான் சரி.

நாங்கள் தக்காளி போடவில்லை. ஸ்காபரோவில் சொந்த வீடு வாங்கிய பிறகு தூள் நாள் வைத்தோம். யாழ்ப்பாணத்துக் கறித்தூளை வீட்டுக்குள் வறுத்தால் புகை எச்சரிக்கை மணி அடிக்கும், பக்கத்து வீடுவரை இருமும். அதனால் நோன்னாவின் மகன் காட்டிய கடையில் அதே மாதிரிக் காஸ் அடுப்பு வாங்கிப் பின்வளவில் வைத்தேன். மகனுக்குச் செத்தல் மிளகாய் வறுப்பு, மூக்கில் துணி கட்டிக்கொண்டு. மகளுக்கு மல்லி. மச்சாளின் பிள்ளைகள் சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம் என்று நிறுத்துக் கொடுக்கவேண்டும். அளவு எழுதிய தாள் அவர்களிடம் மட்டும்தான் இருக்கும், என்னிடம் இல்லை. அதை வேண்டுமென்றேதான் அப்படி வைத்தேன். இப்போது தேதியைப் பிள்ளைகள்தான் போன் எடுத்துக் கேட்கிறார்கள். அன்று பேசுகிற தமிழ் வருடத்தில் வேறெந்த நாளும் வீட்டில் பேசப்படுவதில்லை. திட்டுவதற்கென்றாலும் தமிழ்தான்.

நோன்னா வீட்டு அத்தி மரம் குளிர்காலத்தைத் தாண்டிய விதத்தையும் சொல்லிவிடுகிறேன், கறிவேப்பிலை வளர்ப்பவர்கள் கேட்பார்கள். நொவெம்பரில் இலை கொட்டியதும் ஒரு பக்க வேரை வெட்டி, மரத்தைக் கட்டிச் சரித்துப் பள்ளத்தில் படுக்க வைத்து, பலகை, காய்ந்த இலை, மண் போட்டு மூடுவார்கள். ஏப்ரலில் பாஸ்காவை ஒட்டி எழுப்புவார்கள். கறிவேப்பிலைக்கு இது சரிவராது. முதல் உறைபனிக்கு முன்னால் சாடியோடு உள்ளே எடுப்பதுதான் வழி.

இனி, நான் எடுத்துக்கொள்ளாததைச் சொல்கிறேன். அந்தக் குடும்பத்தின் ஒழுங்கு முழுவதும் மூத்த மகளின் முதுகில் நின்றது. பதினாறு வயதில் பள்ளியை விட்டுத் தாயோடு தையலுக்குப் போனவர் அவர். தம்பிமார் படித்தார்கள். சூசையப்பர் கடலைக்கு முதல் நாள் இரவு முழுக்க உரித்தது, தகப்பன் நோயில் கிடந்தபோது வேலையைக் குறைத்தது, தாயின் வங்கி, வைத்தியர், மருந்து எல்லாம் அவர். மகன்மாரின் வேலைக்குத் தேதி இருந்தது; மகளின் வேலைக்குத் தேதியே இல்லை. "அம்மா ஒருநாளும் எனக்கு இதைச் செய் என்று சொன்னதில்லை, சொல்லாமலே நடந்தது" என்று அவர் என்னிடம் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. இந்த இடத்தில் நோன்னாவை நான் புகழமாட்டேன். குடும்பம், விசுவாசம் என்று நாங்கள் பெருமையாகப் பேசும் வீடுகளில் இப்படி ஒரு மகள் இல்லாத வீடு எத்தனை?

கிழவர் 1997இல் போனார். இருவருக்குமான கல்லறை மாடம் பல வருடம் முன்பே கட்டணம் கட்டி எடுக்கப்பட்டிருந்தது. பலருக்கு இது அபசகுனமாகப் படலாம். செத்த வீட்டன்று பிள்ளைகள் பணத்தைப் பற்றி ஒரு பேச்சும் பேசாததைப் பார்த்த பிறகு எனக்கு அப்படிப் படவில்லை. நோன்னா அதற்குப் பிறகு கறுப்பைத் தவிர வேறு நிறம் உடுக்கவில்லை. நொவெம்பர் 2, கல்லறைத் திருநாளுக்குச் செவ்வந்திப் பூ கொண்டுபோவார். அது கல்லறைப் பூ, தனக்குப் பூங்கொத்துக் கொடுக்கும்போது செவ்வந்தி வாங்கிவிடாதீர்கள் என்று எங்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தவர்.

எண்பது தாண்டியதும் மறதி நோய். முதலில் போனது ஆங்கிலம். தொலைக்காட்சியில் கேட்கும் இத்தாலியன் அடுத்தது. கடைசியில் மலைக்கிராமத்துப் பேச்சு மட்டும் மிச்சம். அது பேரப்பிள்ளைகளுக்குப் பாதிதான் விளங்கும். ஆனால் யாராவது செபமாலையைத் தொடங்கினால் பதில் வரிகள் பிசகாமல் வந்தன. மூத்த மகளின் மகள் ஒரு நல்ல காரியம் செய்தாள். நோவு, தண்ணீர், குளிர், கழிவறை போன்ற சொற்களை அம்மம்மாவின் பேச்சில் எப்படிச் சொல்வார் என்று பெரிய ஆங்கில எழுத்தில், உச்சரிப்போடு, ஒரு தாளில் எழுதிக் கட்டிலுக்கு மேல் ஒட்டினாள். எந்த நாட்டுத் தாதி வந்தாலும் பார்த்து வாசித்துவிடலாம். வயது போன பெற்றோர் உள்ளவர்கள் இன்றைக்கே இதைச் செய்யலாம். பொதுத் தமிழில் எழுதாதீர்கள். உங்கள் அம்மா "வயித்துக்குத்து" என்று சொல்பவர் என்றால் அதையே எழுதுங்கள்.

இத்தாலியர்களுக்கு இந்த விடயத்தில் முன்யோசனை இருந்தது. சமூகம் காசு சேர்த்து, 1976இல் லோறன்ஸ் தெருவின் மேற்குப் பக்கம் வில்லா கொலம்போ என்ற முதியோர் இல்லத்தைத் திறந்தார்கள். பேச்சும் சாப்பாடும் பூசையும் இத்தாலியன். இரண்டாம் உலகப் போர் முடிந்து அவர்கள் பெருந்தொகையாக வரத் தொடங்கி முப்பது வருடத்துக்குள் நடந்தது அது. எங்கள் ஆட்கள் 1983க்குப் பிறகு வந்தோம். கோயில்களும் மண்டபங்களும் கட்டியிருக்கிறோம். கணக்கை நீங்களே பாருங்கள்.

கடைசியாகப் பத்திரங்கள். ஒன்ராறியோவில் அதிகாரப் பத்திரம் இரண்டு வகை: ஒன்று சொத்துக்கு, மற்றது உடல்நலத்துக்கு. ஒன்று எழுதினால் மற்றதும் அடங்கும் என்று நினைக்கக்கூடாது. இரண்டு சாட்சிகள் வேண்டும். அதிகாரம் பெறுபவர், உங்கள் துணை, உங்கள் பிள்ளை, இவர்கள் யாரும் சாட்சியாக நிற்க முடியாது. உடல்நலப் பத்திரம் எழுதாமல் விட்டு, உங்கள் துணையும் இல்லையென்றால், வைத்தியம் பற்றிய முடிவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே தரம். ஒத்துப்போகாவிட்டால் கட்டிலுக்குப் பக்கத்தில் சண்டை நடக்கும். நோன்னா இரண்டையும் புத்தி தெளிவாக இருந்த காலத்திலேயே எழுதி, ஆஸ்பத்திரி, வங்கி, வீடு எல்லாவற்றுக்கும் மூத்த மகளின் பெயரையே போட்டிருந்தார்.

நாங்களும் எழுதிவிட்டோம். சொத்துக்கு மகள். உடல்நலத்துக்கு மகன். வழக்கறிஞர், பொதுவாக மறுபக்கமாகத்தான் போடுவார்கள் என்று இரண்டு தடவை கேட்டார். தெரியும் என்றேன். பத்திரம் இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி அலுவல் தானாகவே மகளின் தலையில் போய் விழும், அதனால்தான் மகன். அவன் முதலில் முகத்தைச் சுளித்தான். பிறகு, நானும் தகப்பனும் குடிக்கும் மருந்துகளின் பட்டியலை எழுதித் தரச் சொன்னான். கொடுத்திருக்கிறேன்.